குடிவராத குடித்தனக்காரன்

எங்கள் ஆய்வகத்தில் முட்டை உடைப்பதும் ஒரு வேலை. தட்டுத் தட்டாக முட்டைகளைக் கழுவி, உடைத்து, கலக்கி, பச்சைச் சாயம் ஊற்றி, கண்ணாடிக் குழாய்களில் சாய்வாக இறுகவைப்போம். அந்தப் பச்சைக் கட்டியின் மேல்தான் காசநோய்க் கிருமியும் அதன் சொந்தபந்தங்களும் வளரும். வளரும் என்று வாய் கூசாமல் சொல்லிவிட்டேன். மற்றக் கிருமிகளெல்லாம் இன்றைக்கு விதைத்தால் நாளைக்கு முளைத்து நிற்கும். இதுகள் ஒரு மாதமோ இரண்டு மாதமோ காக்கவைத்து, போனால் போகிறதென்று ஒரு பொட்டைக் காட்டும். பாதி ஆயுசு இதுகளோடுதான் குப்பை கொட்டியிருக்கிறேன். பொறுமை வந்ததா என்றால் இல்லை. முழங்கால் வலி வந்தது.

என் வேலை ஆளை அடையாளம் சொல்வது. காசநோய்க் கிருமிக்கு ஏறக்குறைய இருநூறு பங்காளிகள் உண்டு. முக்கால்வாசிப் பேர் மண்ணிலும் தண்ணீரிலும் அவரவர் பாட்டுக்குக் கிடப்பவர்கள். ஒருசிலர்தான் ஏற்கெனவே பழுதான நுரையீரலாகப் பார்த்துக் குடியேறித் தொல்லை கொடுப்பார்கள். சளியில் முளைத்தது யார், எந்த வீட்டுப் பிள்ளை, சாதுவா போக்கிரியா என்று நான் எழுதிக் கொடுப்பதை வைத்துத்தான் டாக்டர் மருந்து எழுதுவார். நான் தப்பாகச் சொன்னால் அவரும் தப்பாகக் கொடுப்பார். இது தெரிந்த நாளிலிருந்து எனக்கு நிம்மதியான தூக்கம் கிடையாது. என் வீட்டுக்காரர் இதை வயசுக் கோளாறு என்பார்.

போன வருஷம் மழை விட்ட சமயத்தில் ஒரு குழாயில் மஞ்சளாக ஒன்று தலைகாட்டியது. முட்டைக் கருவின் மஞ்சள், வழவழவென்று. இருட்டில் தாள் சுற்றி வைத்தாலும் மஞ்சள், விளக்கடியில் வைத்தாலும் அதே மஞ்சள். இந்த நிறத்தில் ஏற்கெனவே நாலைந்து பேர் இருக்கிறார்கள், அதில் ஒருத்தனாக இருப்பான் என்று அலட்சியமாகத்தான் மரபணுவைப் படிக்க அனுப்பினேன். ஒருத்தனோடும் பொருந்தவில்லை. மறுபடி அனுப்பினேன், அப்போதும் இல்லை. அதே நோயாளி கொடுத்த இரண்டாவது சளியிலும் அதே மஞ்சள் வந்தது. ஒரு தடவை வந்தால் வழிப்போக்கன், இரண்டு தடவை வந்தால் குடித்தனக்காரன் என்பது எங்கள் தொழிலில் எழுதிவைத்த விதி. இது இப்படி இருக்க, வேறு இரண்டு நோயாளிகளிடமிருந்தும் இரண்டிரண்டு தடவை அதே மஞ்சள் வந்து சேர்ந்தது.

எங்கள் தலைவருக்குப் பழம் நழுவிப் பாலில் விழுந்த சந்தோஷம். ஆய்வகத்தின் தலைவரான அவருக்கு ஓய்வுபெற ஒரு வருஷம் இருந்தது. கெட்ட மனிதர் இல்லை. நல்ல செய்தி என்றால் நாற்காலியை இழுத்துப் போட்டுக் கேட்பார், கெட்ட செய்தி என்றால் அவருக்கு எங்கிருந்தோ போன் வந்துவிடும், அவ்வளவுதான். மூன்று நோயாளிகள், மூன்று தனித்தனி வம்சம், உலகத்தில் யாரும் பார்க்காத இனம் என்று அறைக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தார். எனக்கு நடக்கவெல்லாம் தெம்பில்லை. ஒரு கிருமியைப் புது இனம் என்று ஊர் ஒப்புக்கொள்ள வேண்டுமென்றால் அது எதைத் தின்னும், எந்தச் சூட்டில் வளரும், எந்த மருந்துக்குச் சாகும் என்று எல்லாம் பார்க்க வேண்டும். முழு மரபணுவையும் எழுத்து எழுத்தாகப் படிக்க வேண்டும். முதலில் கிடைத்த கிருமியை, அதாவது முதல் வித்தை, உயிரோடு இரண்டு வெவ்வேறு நாட்டுக் கிருமிக் களஞ்சியங்களுக்கு அனுப்பி ரசீது வாங்க வேண்டும். இத்தனையும் செய்யப்போகிறவள் யார் என்பதில் அவருக்கும் சந்தேகமில்லை, எனக்கும் இல்லை.

முதல் நோயாளியைப் பற்றிய அறிக்கையில் நான் இப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டேன்: இதுவரை பெயரிடப்படாத இனம், நோய்க்கு இதுவே காரணமாக இருக்க வாய்ப்பு அதிகம். எங்களுக்கு வருகிற சளி டப்பாவில் எண் மட்டும்தான் இருக்கும், பெயர் இருக்காது. மறுநாள் நுரையீரல் டாக்டர் போன் செய்தார். சுற்றி வளைக்காமல், "மேடம், அது உங்க தம்பி," என்றார்.

நாற்காலி என் பின்னால்தான் இருந்தது. உட்காரத் தோன்றவில்லை. மறுபடி சளி கொடுத்ததை அவன் என்னிடம் சொல்லவே இல்லை.

தம்பி தண்ணீர்த் துறையில் கசிவு கேட்பவன். இப்படி ஒரு உத்தியோகம் இருப்பதே பல பேருக்குத் தெரியாது. ஆள் உயரத்துக்கு ஒரு இரும்புக் கம்பி. ஒரு முனையைச் சாலையிலோ வால்வின் மேலோ ஊன்றி, மறுமுனையிலுள்ள கிண்ணத்தைக் காதில் வைத்தால், மண்ணுக்கடியில் குழாய் எங்கே உடைந்து தண்ணீர் பீறிடுகிறது என்று சொல்லிவிடுவான். சொன்ன இடத்தில் தோண்டினால் தண்ணீர் இருக்கும். துறையில் அவனுக்குப் பாம்புக்காது என்றுதான் பெயர். என் வீட்டுக்கு வந்தால் வாசலில் செருப்பைக் கழற்றும்போதே, உள்ளே எந்தக் குழாய் சொட்டுகிறது என்று சொல்லுவான். அதை இறுக்கி மூடாமல் அவனுக்குச் சோறு இறங்காது.

பத்து வருஷத்துக்கு முன்னால் அவனுக்குக் காசநோய் வந்து குணமாகி, வலது நுரையீரலின் உச்சியில் ஒரு பொந்தை விட்டுவிட்டுப் போனது. எங்கள் அப்பா போனதும் அதே நோயில்தான். மருந்து சாப்பிட்டுக் கொஞ்சம் தெம்பு வந்ததும், இனிமேல் எதற்கு என்று பாதியில் நிறுத்தினார். மறுபடி வந்தபோது அது மருந்துக்கு அடங்கவில்லை. அதனால் தம்பிக்கு வந்தபோது நான் அவனை விடவில்லை. அப்பா மாதிரி பாதியில் விட்டால் உன் முகத்திலேயே முழிக்கமாட்டேன் என்று வாரத்துக்கு ஒருமுறை போனில் கத்துவேன். ஒரு மாத்திரை விடாமல் சாப்பிட்டான்.

இப்போது அதே பொந்தில் புதுக் கிருமி குடியேறிவிட்டது என்று டாக்டர் சொன்னபோது எல்லாம் பொருந்தியது. இருபது வருஷமாகக் குழாயோடு குழாயாகக் கிடப்பவனுக்குத் தண்ணீர்க் கிருமி வராமல் வேறு யாருக்கு வரும் என்றார். இரண்டாவது நோயாளி நீச்சல்குளம் சுத்தம் செய்பவர். மூன்றாவது, ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர், கொதிக்கக் கொதிக்க வெந்நீரில் ஆவி பறக்கக் குளிப்பவர். மூன்று பேருக்கும் தண்ணீர். தலைவர் இதைப் பலகையில் படமாகவே வரைந்துவிட்டார். அந்தப் படத்தைப் பார்த்து நானும் தலையாட்டினேன்.

தம்பிக்குப் பயத்தைவிடப் பெருமைதான் அதிகம். உலகத்திலேயே முதல் ஆள் தான்தான் என்று துறை முழுக்கச் சொல்லிவிட்டு வந்தான். "வாடகை குடுக்காம நெஞ்சில குடியிருக்கான்ல, என் பேரையாவது வெச்சுக்கட்டும்க்கா," என்று சிரித்தான். தம்பி பெண்டாட்டிதான் என் கையைப் பிடித்துக்கொண்டு, புதுசு என்றால் மருந்து இருக்கா அண்ணி என்று கேட்டாள். இருக்கிறது என்றேன். நான்தான் குழாயில் சோதித்திருந்தேன். பாதி மாத்திரைகளுக்கு அது அசரவில்லை. மீதிக்குக் கொஞ்சம் தளர்ந்தது. ஒரு ஊசிக்குத்தான் அடியோடு செத்தது.

அந்த ஊசி காதுக்கு ஆகாது. டாக்டர் அதை மறைக்கவில்லை. வாரத்துக்கு மூன்று ஊசி, மாதாமாதம் காதுப் பரிசோதனை, காது கொஞ்சம் மங்கினாலும் ஊசியை நிறுத்திவிடுவோம் என்று அவனை உட்காரவைத்துச் சொன்னார். மற்ற இரண்டு பேருக்கு நோய் அவ்வளவு இல்லை என்று மாத்திரையோடு விட்டார். பொந்து உள்ள தம்பிக்குத்தான் ஊசி. முதல் மாதம் பரிசோதனைத் தாளில் கோடு நேராக வந்தது, காதில் குறையில்லை என்று அர்த்தம். இரண்டாவது மாதமும் நேராக வந்தது. நான் ஒவ்வொரு தடவையும் அந்தத் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு மூச்சுவிட்டேன்.

மூன்றாவது மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் என் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தான். எங்கள் சமையலறைக் குழாயில் வாஷர் தேய்ந்து ஒரு வாரமாகச் சொட்டிக்கொண்டிருந்தது. அடியில் ஒரு எவர்சில்வர் பாத்திரம் வைத்திருந்தேன். டங், டங் என்று அது எங்கள் எல்லோர் உயிரையும் வாங்கிக்கொண்டிருந்தது. தம்பி சோற்றைப் பிசைந்து, கிரிக்கெட் பேசி, இரண்டாம் தடவை வாங்கிச் சாப்பிட்டு, கை கழுவி, அந்தப் பாத்திரத்துக்குப் பக்கத்திலேயே நின்று துண்டில் துடைத்துக்கொண்டு போனான். ஒரு வார்த்தை சொல்லவில்லை.

காது எப்படியிருக்கிறது என்று கேட்டேன். அதான் கோடு நேராக இருக்கே, நீயே பார்த்தாயே என்றான். உண்மைதான், பார்த்திருந்தேன். காகிதத்தை நம்பாமல் வேறு எதை நம்புவது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

அந்த வாரம்தான் மூன்று கிருமிகளின் முழு மரபணுவும் வந்தது. வெளியிலிருக்கும் எந்த இனத்தோடு ஒப்பிட்டாலும் எல்லைக்கோட்டுக்கு வெகு தூரத்தில் நின்றன. புது இனம்தான், சந்தேகமில்லை. பிறகு வழக்கப்படி மூன்றையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டேன். ஒரே இனமாக இருந்தாலும் வேறு வேறு இடத்தில் வாழ்ந்தவர்கள் என்றால் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் எழுத்து வித்தியாசம் இருக்கும். அண்ணன் தம்பி முகத்திலேயே வித்தியாசம் இருக்கிறதே. இங்கே ஒரு ஜோடிக்குள் அறுபது லட்சம் எழுத்தில் ஒரே ஒரு எழுத்து வேறுபட்டது. இன்னொரு ஜோடியில் அதுவும் இல்லை. திரையை மூடிவிட்டு டீ குடித்துவிட்டு வந்து மறுபடி ஓட்டினேன். அதேதான் வந்தது.

இது மூன்று பேர் இல்லை. ஒரே ஆள்.

தலைவரிடம் சொன்னேன். நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஊர்த் தண்ணீரிலேயே ஒரே வித்து பரவியிருக்கிறது, இன்னும் பெரிய கட்டுரை என்றார். நீச்சல்குளத்துக்காரருக்கு வருவது ஆற்றுக்கு அந்தப் பக்கத்துத் தண்ணீர், டீச்சர் இருப்பது பக்கத்து ஊரில், அங்கே ஆழ்துளைக் கிணறு, இந்த மூன்று தண்ணீரும் எங்கே சந்திக்கும் என்று கேட்டேன். அவருக்குப் போன் வந்துவிட்டது.

மூன்று தண்ணீரும் சந்திக்க வேண்டியதில்லை. மூன்று பேரும் சந்தித்தால் போதும். அவர்கள் மூன்று பேரும் கால் வைத்த ஒரே இடம் எங்கள் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் இருக்கும் சளி கொடுக்கும் அறை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு இறங்கிப் போனேன்.

சின்ன அறை. ஜன்னல், மின்விசிறி, ஒரு தொட்டி. சுவரில் பெரிய எழுத்தில், சளி கொடுக்குமுன் வாயை நன்றாகக் கொப்பளிக்கவும் என்று பலகை. அதில் தப்பில்லை. சாப்பிட்டது கலக்கக் கூடாது என்று எல்லா ஊரிலும் சொல்வதுதான். முன்பெல்லாம் கொதிக்கவைத்து ஆறிய தண்ணீரைக் கெண்டியில் வைத்திருப்போம். இப்போது தொட்டிக்கு மேலே வெள்ளை வெளேரென்று ஒரு வாட்டர் ஃபில்டர். குழாய்த் தண்ணீர் நாறுகிறது என்று நோயாளிகள் முகம் சுளித்தார்கள் என்பதற்காக வாங்கி மாட்டி, தலைவர் ரிப்பன் வெட்டிப் போட்டோ எடுத்துக்கொண்டது. சளி வாங்கும் அம்மாவிடம் இது வந்து எவ்வளவு காலமாகிறது என்று விசாரித்தேன். மழைக்காலத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான் மாட்டினார்கள், ரொம்ப வசதி, எல்லாரும் இதில்தான் கொப்பளிக்கிறார்கள் என்றார். உள்ளே வடிகட்டியை மாற்றியதுண்டா என்றேன். "அதெல்லாம் மாத்தணுமாம்மா?" என்று அவர் திருப்பிக் கேட்டார்.

மூடியைக் கழற்றினேன். உள்ளே சுவரெல்லாம் வழவழவென்று மஞ்சள் படிந்திருந்தது. கிணறு வெட்டப் பூதம் கிளம்பியதென்பார்கள். இந்தப் பூதத்துக்கு நாங்களே வீடு கட்டிக் கொடுத்து, வருகிறவர்கள் வாயிலெல்லாம் ஊட்டிவிட்டிருக்கிறோம். மேலே போய்ப் பழைய பதிவுகளைப் புரட்டினால், ஃபில்டர் வந்த மாதத்திலிருந்து ஒற்றை மஞ்சள் பொட்டு முளைத்த குழாய்கள் திடீரென்று கூடியிருந்தன. ஒரு தடவைதானே, வழிப்போக்கன் என்று நாங்களே தூக்கிப் போட்டவை. இரண்டு தடவை கொப்பளித்து இரண்டு தடவையும் மாட்டிக்கொண்டவர்கள் இந்த மூன்று பேர். அவர்களைத்தான் குடித்தனக்காரர் கணக்கில் எழுதிவிட்டோம்.

சரி, நிரூபிக்க வேண்டுமே. அந்த வழவழப்பைச் சுரண்டி மரபணுச் சோதனை வைத்தேன். ஒரே வீட்டில் பத்துப் பேர் ஒரே நேரத்தில் பேசின மாதிரி எல்லாம் கலந்து வந்தது, ஒன்றும் படிக்க முடியவில்லை. தனியாக வளர்த்துத்தான் பார்க்க வேண்டும். ஃபில்டர் தண்ணீரை வடிகட்டிப் பச்சைக் குழாய்களில் விதைத்தேன். இனி ஒரு மாதமோ அதற்கு மேலோ ஆகும். இந்த ஜென்மங்களை அவசரப்படுத்த முடியாது. ஆனால் தம்பிக்கு வாரத்துக்கு மூன்று ஊசி. அது எதற்கும் காத்திருக்காது.

டாக்டரைப் பார்த்துச் சொன்னேன். நிதானமாகக் கேட்டார். சந்தேகத்தை வைத்து நிறுத்த முடியாது மேடம், பொந்து இருக்கிறது, இருமல் இருக்கிறது, காதுக் கோடும் நேராக இருக்கிறது, உங்கள் அறிக்கைதான் என் கையில் இருக்கிறது என்றார். அவர் சொன்னதில் தப்பே இல்லை, அதுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. தலைவரோ, குழாயில் முளைக்கட்டும், அதுவரைக்கும் வாயைத் திறக்க வேண்டாம், முளைத்தால் காதும் காதும் வைத்த மாதிரி ஃபில்டரைக் கழற்றிவிடலாம் என்றார். முளைக்காத குழாயைப் பற்றிப் பேசாதே என்பது அவர் கண்டுபிடித்ததில்லை. எங்கள் தொழிலின் முதல் பாடமே அதுதான். நானே எத்தனையோ பேருக்கு அதைச் சொல்லி வாயை அடைத்திருக்கிறேன்.

இரண்டு நாள் அந்தப் பாடத்துக்குக் கட்டுப்பட்டு இருந்தேன். மூன்றாம் நாள் காலையில் என் வீட்டுச் சமையலறையில் அந்தப் பாத்திரம் டங் என்றது. ஆய்வகத்துக்குப் போன கையோடு டாக்டருக்கு எழுதினேன்: குறிப்பிட்ட மூன்று எண்களுக்கும் நான் கொடுத்த அறிக்கைகளைத் திரும்பப் பெறுகிறேன், அந்தக் கிருமி நோயாளிகளிடமிருந்து வந்தது என்று என்னால் சொல்ல முடியாது. தலைவரைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவருக்குப் போன் வந்திருக்கும். அறிக்கை இல்லாமல் டாக்டரால் அந்த ஊசியைப் போட முடியாது. அன்றைக்கே மூன்று பேருக்கும் மருந்தை நிறுத்தினார். தலைவர் என்னோடு பேசுவதை நிறுத்தினார்.

மறுநாள் தம்பி ஆய்வகத்து வாசலில் வந்து நின்றான். உள்ளே விடமாட்டார்கள், நான்தான் வெளியே போனேன். நர்ஸ் ஊசி இல்லை என்று அனுப்பிவிட்டாராம். முகம் சிவந்திருந்தது. "அப்பாவுக்கு ஆனது எனக்கும் ஆகட்டும்னு விட்டுட்டியா?" என்று கேட்டான். நான் விளக்கினேன். ஃபில்டர், கொப்பளித்தது, மூன்றும் ஒன்றாக இருந்தது எல்லாம் சொன்னேன். என்ன என்றான். மறுபடி சொன்னேன். என்ன என்றான். தாழ்வாரத்தில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது, வேறு சத்தமே இல்லை. நான் சாதாரணமாகத்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

அவன் தோளைப் பிடித்து என் பக்கம் திருப்பினேன். "உனக்குக் காது கேக்கலையா?"

சின்ன வயதில் ஏதாவது உடைத்துவிட்டு வந்து நிற்பானே, அந்தக் குரலில் சொன்னான். "டெஸ்ட் பண்ற பொண்ணு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் உக்காந்திருக்கும்க்கா. பட்டன அழுத்தறப்போ அதோட தோளு லேசா அசையும். அசையறப்பெல்லாம் நான் கையத் தூக்கிடுவேன்."

"ஏண்டா அப்படிப் பண்ணுன?"

"காது போச்சுன்னு தெரிஞ்சா ஊசிய நிறுத்திடுவாங்கல்ல. நீதானே சொன்ன, அப்பா மாதிரி பாதியில விட்டுடாதன்னு."

எனக்குக் கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். அழுகையும் வந்தது, அதைத் தாழ்வாரத்தில் வைத்துக்கொள்ள விருப்பமில்லை. நாளைக்கே போய் ஒழுங்காக, கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பரிசோதனையைச் செய்துகொள் என்று கத்தினேன். உள்ளிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள். தம்பிக்கு நன்றாகவே கேட்டிருக்கும்.

கண்ணை மூடிக்கொண்டு செய்த பரிசோதனையில் கோடு பாதி வரைக்கும் நேராக வந்து, அப்புறம் மாடிப்படியில் உருண்ட மாதிரி இறங்கியது. கீச்சொலிகள் எல்லாம் போய்விட்டன, வலது காதில் அதைவிட அதிகமாகவே போயிருந்தது. இந்த ஊசி எடுத்துக்கொண்டதைத் திருப்பித் தராது.

குழாய்களைத் தினம் பார்த்தேன். ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை. ஒருவேளை நான் சொன்னதுதான் தப்போ, நிஜமான கிருமியை அவன் நெஞ்சில் வளரவிட்டுவிட்டேனோ என்று பழைய பதிவுகளை மறுபடி மறுபடி புரட்டுவேன். அவன் இருமினால் எனக்கு வலித்தது. ஒரு திங்கட்கிழமை காலையில் தண்ணீர் விதைத்த குழாயில் மஞ்சள் பொட்டு நின்றது. மரபணுவும் பிறகு வந்தது, எழுத்துக்கு எழுத்து அதேதான். வீட்டில் வைத்து, கொப்பளிக்காமல் வாங்கிய தம்பியின் சளியில் கடைசிவரை எதுவும் முளைக்கவில்லை. பழைய பொந்து, பழைய இருமல், அவ்வளவுதான் அவனிடம் இருந்தது. ஜெயித்தவள் மாதிரி எனக்கு எதுவும் தோன்றவில்லை. போய்க் கொஞ்சம் படுக்க வேண்டும் போலிருந்தது.

தலைவர் பேச ஆரம்பித்தார். நல்லவேளை, மற்ற இரண்டு பேருக்கும் ஒன்றுமில்லை, தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்றார். தலைப்பாகை இல்லை சார், காது என்றேன். அவருக்குப் போன் வரவில்லை. தலையைக் குனிந்துகொண்டார். அதற்காக அவரைக் கொஞ்சம் மன்னித்தேன்.

புது இனம் என்னவோ நிஜமாகவே புது இனம்தான். கட்டுரையைத் திருத்தி எழுதினோம். கிடைத்த இடம் என்ற வரியில் மனித நுரையீரலை அடித்துவிட்டு, ஒரு மருத்துவ வளாகத்தின் குடிநீர் வடிகட்டி என்று போட்டேன். ஆனால் இரண்டு நாடுகளுக்கும் ஏற்கெனவே அனுப்பிய முதல் வித்து தம்பியின் சளியிலிருந்து எடுத்ததுதான், அதை மாற்ற முடியாது. அவன் நெஞ்சில் ஒரு நாள்கூடக் குடிவராதவன் இரண்டு தேசத்து உறைபனிப் பெட்டிகளில் அவனுடைய எண்ணோடு ஜம்மென்று குடியிருக்கிறான். தம்பியிடம் சொன்னபோது, "அப்போ அது என்னோடது இல்லையாக்கா? ஊரெல்லாம் சொல்லி வெச்சிருக்கேனே," என்றான். சிரிக்கத்தான் பார்த்தான்.

தண்ணீர்த் துறையில் அவனை உடனே தள்ளிவிடவில்லை. ஒரு தெருவைக் கொடுத்து, கசிவு எங்கே என்று சொல், பார்க்கலாம் என்றார்கள். சரியாகச் சொன்னால் கம்பி அவன் கையில் இருக்கும். தப்பினால் குழி தோண்டும் கூட்டத்தோடு அனுப்பிவிடுவார்கள். திங்கட்கிழமை சொல்ல வேண்டும். ஞாயிற்றுக்கிழமை காலையில் கம்பியோடு என் வீட்டு வாசலில் வந்து நின்றான். சும்மா கூட வாக்கா என்றான்.

கடைகள் பூட்டிக் கிடந்தன. தெரு ஈரமாக இருந்தது, எங்கிருந்து என்று தெரியவில்லை. கம்பியை ஊன்றி இடது காதை வைத்தான். நகர்ந்து போய் மறுபடி ஊன்றினான். வலது காதை வைத்துப் பார்த்துவிட்டு மறுபடி இடது காதுக்கு வந்தான். நெற்றியெல்லாம் வேர்த்துவிட்டது. ஒரு வால்வின் மூடியருகே வெகுநேரம் குனிந்திருந்தான். பிறகு கம்பியை என்னிடம் நீட்டி, நீ கேளு என்றான்.

கிண்ணத்தைக் காதில் வைத்தேன். அடியில் எங்கோ ஸ்ஸ் என்று ஒரு சத்தம். கசிவென்றால் விடாமல் வரும், யாரோ வீட்டில் குழாய் திறந்திருந்தால் விட்டுவிட்டு வரும் என்று அவன் முன்பே சொல்லியிருந்தான். மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். வருகிறதா நிற்கிறதா, அது தண்ணீரா என் ரத்தமா என்றே தெரியவில்லை. ஆயுசு முழுக்க இன்னது இன்னார் என்று பிரித்துச் சொன்னவளுக்கு அங்கே எல்லாம் ஒரே சத்தமாகத்தான் கேட்டது.

"விடாம வருதா, விட்டு விட்டு வருதா?"

சட்டைப் பையிலிருந்து சுண்ணாம்புக் கட்டியை எடுத்துக் கையில் தயாராக வைத்திருந்தான். நான் நிமிர்ந்தேன். பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அவன் என் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.